டெட்லிஃப்ட் முதுகைக் கெடுக்காது, பார் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க உடல்நலப் பக்கத்துல ஜிம்முக்குப் போறவங்க தவிர்க்க வேண்டிய பயிற்சிகள்னு ஒரு பட்டியல் வந்திருந்துச்சு, அதுல முதல் ஆளா டெட்லிஃப்ட்டை, அதாவது ரெண்டு பக்கமும் வட்டமான எடை (பிளேட்) மாட்டித் தரையில கெடக்கற கம்பியை (பார்) குனிஞ்சு பிடிச்சு நிமிர்ந்து நிக்கற பயிற்சியைப் போட்டு, முதுகெலும்பு தேஞ்சிடும், நாப்பது வயசு தாண்டினவங்க அது பக்கமே போகக்கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு 44 வயசு. ஆறு வருஷமா டெட்லிஃப்ட் பண்றேன், நடுவுல ஒரு தடவை முதுகும் பிடிச்சிருக்கு, அதனாலதான் இதை எழுதியே ஆகணும்னு உக்காந்தேன். முதுகைக் கெடுக்கறது அந்தப் பயிற்சி இல்லீங்க, அதைச் சொல்லிக்குடுக்கற லட்சணம்தான்.

நான் முதல்ல சேர்ந்த ஜிம்ல மூணாவது வாரமே 100 கிலோ போட்டுட்டாங்க. குனி, பிடி, தூக்கு, அவ்வளவுதான் பாடம். மாஸ்டர் போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தாரு, சுத்தி நாலு பேரு கத்துறாங்க, நானும் இழுத்துட்டேன். மறுநாள் காலையில பல் தேய்க்க வாஷ்பேசின்ல குனிஞ்சவன் நிமிர முடியல. மூணு வாரம் செருப்பு மாட்ட வீட்டுக்காரம்மாதான் உதவி பண்ணுச்சு. சரியானதும் விட்டுடலாம்னுதான் நெனச்சேன், ஆனா பவர்லிஃப்டிங்னு எடை தூக்குற போட்டிக்குப் போற ஒரு அண்ணன் அந்த வீடியோவைப் பாத்துட்டு, "தம்பி, எடை கூட அப்புறம், உன் பார் எங்க கெடக்கு பாரு"ன்னாரு. அன்னைக்குதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது.

போட்டியில போடுற பெரிய பிளேட்டோட குறுக்களவு 45 சென்டிமீட்டர். அதைப் பாருல மாட்டினா பாரு தரையில இருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்துல நிக்கும். டெட்லிஃப்ட்ங்கற பயிற்சியே அந்த உயரத்தை வச்சுதான். நம்ம ஊரு ஜிம்கள்ல புதுசா வர்ற பையனுக்கு எடை கம்மியா வேணும்னு 5 கிலோ, 10 கிலோ பிளேட்டை மாட்டி தரையில வச்சிடுறாங்க. எங்க ஜிம்ல இருக்கற 10 கிலோ பிளேட்டை நானே டேப் வச்சு அளந்தேன், குறுக்களவு 30 சென்டிமீட்டர்தான். அப்போ பாரு 15 சென்டிமீட்டர் உயரத்துல கெடக்கு, இருக்க வேண்டியதுக்கு ஏழரை சென்டிமீட்டர் கீழ, அதாவது ஒரு செங்கல்லைப் படுக்க வச்ச உயரம். நாள் பூரா சேர்ல உக்காந்து தொடையெல்லாம் இறுகிப் போனவன் அவ்வளவு கீழ போகணும்னா இடுப்பு வளையாது, முதுகுதான் வளையும். அதாவது எடை கம்மியா தூக்கறவனுக்குத்தான் கஷ்டமான உயரத்தைக் குடுக்கறோம், இதை யாருமே கவனிக்கறதில்ல.

எங்க அக்கா பையன், 19 வயசு, காலேஜ் படிக்கறான், இதே மாதிரிதான் வீடியோ அனுப்பியிருந்தான், முதுகு ஆமை ஓடு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. மறுநாள் நேர்ல போயி, மரப்பலகை ரெண்டு ரெண்டா அடுக்கி ரெண்டு பக்க பிளேட்டையும் அது மேல வச்சேன். வேற ஒண்ணும் சொல்லல. அதே 40 கிலோ, அதே பையன், முதுகு பலகை மாதிரி நேரா இருந்துச்சு. "என்ன மாமா, எடை கொறைஞ்ச மாதிரி இருக்கு"ன்னு கேக்கறான்.

உயரம் சரியானதும் அடுத்தது தூரம். உங்க கட்டுரையோட போட்டிருந்த படத்துல பாரு அந்த ஆளோட கால் விரலுக்கும் முன்னாடி கெடக்கு, அப்படித் தூக்கினா யாருக்கா இருந்தாலும் முதுகு போகத்தான் செய்யும். குடத்தை இடுப்புல ஒட்டி வச்சு நடக்கறவங்களுக்கு இது தெரியும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிச்சு பத்து அடி நடக்கச் சொல்லுங்க பாப்போம். மேல இருந்து பாத்தா பாரு ஷூ லேஸ் முடிச்சுக்கு மேல இருக்கணும், பாதத்தோட நடுவுல, முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்புக்கு ஒரு இஞ்ச் தள்ளி. பாரை உருட்டாம இடுப்பைப் பின்னாடி தள்ளிக் குனிஞ்சு பிடிக்கணும், அப்புறம் முழங்காலை மடக்கி எலும்பைப் பாருல தொட வைக்கணும், நெஞ்சைத் தூக்கணும், அக்குள்ல ஒரு பேப்பரை மடிச்சு வச்சு விழாம இறுக்கற மாதிரி கையை உடம்போட இறுக்கணும். வயித்துக்குள்ள மூச்சை இழுத்து அடக்கிட்டு மெதுவா இழுத்தா பாரும் பிளேட்டும் உரசி ஒரு 'டக்' சத்தம் வரும், அது வர்ற வரைக்கும் வெடுக்குனு இழுக்கவே கூடாது. சத்தம் கேட்டப்புறம் கையால தூக்கறதா நெனைக்காம காலால தரையைக் கீழ தள்ளணும், பாரு காலை உரசிக்கிட்டே மேல வரும். நேரா நின்னா போதும், பின்னாடி சாயறதெல்லாம் வேண்டாம்.

பஞ்சு மாதிரி அடிப்பாகம் இருக்கற ரன்னிங் ஷூவைக் கழட்டிடுங்க, வெறுங்கால் எவ்வளவோ மேல். பெல்ட் கட்டினா முதுகுக்குப் பாதுகாப்புன்னு நெனைக்கறாங்க, அது வயித்தை முட்டி இறுக்கறதுக்கு ஒரு சுவர் மாதிரி, அவ்வளவுதான், வயித்தை இறுக்கவே தெரியாதவனுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு உள்ளங்கை முன்னாடி பாத்தும் இன்னொண்ணு பின்னாடி பாத்தும் பிடிக்கறவங்க, உள்ளங்கை முன்னாடி திரும்பியிருக்கற கையை மடக்கி இழுக்காதீங்க, பைசெப்ஸ் கிழியறது அந்தக் கையிலதான்.

எடை கூட்டற கணக்கைத்தான் ரொம்பப் பேரு கேக்கறாங்க. வாரம் ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள், அஞ்சு அஞ்சு ரெப்பா (ஒரு தடவை தூக்கி இறக்கறது ஒரு ரெப்) மூணு செட், அதாவது மூணு சுத்து, ஒவ்வொரு ரெப்புக்கும் பாரைத் தரையில முழுசா வச்சு மறுபடி நிலையைச் சரி பண்ணிட்டு எடுக்கணும், பந்து மாதிரி குதிக்க விட்டு எடுக்கறது கணக்குல சேராது. வாரத்துக்கு இரண்டரை கிலோ கூட்டினா போதும். ஏறலைன்னா பத்து சதவீதம் கொறைச்சுட்டு மறுபடி ஏறி வரணும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மட்டும் இறக்கி ஏத்துற ரோமேனியன் டெட்லிஃப்ட்டை லேசான எடையில இன்னொரு நாள் பண்ணினா தொடையோட பின்பக்கம் நல்லா பலமாகும். நான் 40 கிலோவுல இருந்து மறுபடி ஆரம்பிச்சு 140 கிலோ வர்றதுக்கு மூணு வருஷம் ஆச்சு, அவசரப்படல.

முதுகு வளைஞ்சவங்களுக்கு இது ஆகவே ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுல லாமார் கான்ட்னு ஒரு பவர்லிஃப்டர், முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு போற ஸ்கோலியோசிஸ் இருந்தவர், 1985ல தன் உடம்பு எடையைப் போல அஞ்சு மடங்கு, 60 கிலோ ஆளு 300 கிலோவை டெட்லிஃப்ட் பண்ணினாரு. அதுக்காக எல்லாரும் தூக்குங்கன்னு சொல்லல, வலி காலுக்கு எறங்குனாலோ மரத்துப் போனாலோ முதல்ல டாக்டர்தான். எங்க ஊர்ப் பெரியவங்க, "நாங்க இளவட்டக்கல் தூக்கலையா, எந்த டெக்னிக்கைப் பாத்தோம்"னு கேப்பாங்க. உருண்டைக் கல்லைக் குனிஞ்சு கட்டிப்பிடிச்சுதான் எடுக்க முடியும், மடியில ஏத்தி, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டு போவாங்க, ஆனா அவங்க சின்ன வயசுல இருந்தே மூட்டையும் மண்வெட்டியுமா வளர்ந்தவங்க. நம்ம பசங்க உடம்பு அப்படியா இருக்கு?

நாப்பதுக்கு மேல இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, வீட்டுல 20 லிட்டர் தண்ணி கேனை யாரு தூக்கறாங்கன்னு பாருங்க. எங்க வீட்டுக்காரம்மா கேனை இடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வச்சு வெடுக்குனு இழுக்கும், இப்போ கால் ரெண்டுக்கும் நடுவுல இழுத்து வச்சு, இடுப்பைப் பின்னாடி தள்ளி, மூச்சை அடக்கித் தூக்குது. அதுவும் டெட்லிஃப்ட்தான், யாரும் அதைத் தவிர்க்க முடியாது.

ஐயா, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் அதே பக்கத்துல அந்தப் படத்தை மட்டும் மாத்திப் போடுங்க. பக்கவாட்டுல இருந்து எடுத்த படம், பாரு பாதத்தோட நடுவுல, பிளேட்டுக்கு அடியில பலகை தெரியற மாதிரி. அதை வெட்டி எங்க ஜிம் சுவத்துல நானே ஒட்டறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
ராஜபாளையம்