சாவு வீட்டுல நரகப் பேச்சு எதுக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன வாரம் பட்டர்வொர்த்துல ஒரு சாவு வீடு, பெட்டிய இன்னும் மூடக்கூட இல்ல, ஜெபம் பண்ண வந்தவரு ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்கு நித்திய அக்கினிதான்னு மைக்குல போட்டு விட்டாரு, செத்தவரோட சம்சாரம் கையில இருந்த மைலோ டம்ளர் அப்படியே ஆடுச்சு.

கிறிஸ்தவங்க எல்லாரும் இதுல ஒரே மாதிரி நம்புறதில்லங்க. நாங்க கத்தோலிக்கர், உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது செத்தவங்க ஆத்துமா மோட்சம் போறதுக்கு முன்னாடி சுத்தமாகுற இடம், இருக்குன்னு நம்பி நவம்பர் 2 கல்லறையில மெழுகுவத்தி ஏத்துறோம், மெத்தடிஸ்ட்காரங்க அத ஏத்துக்க மாட்டாங்க. செவன்த் டே அட்வென்டிஸ்ட்காரங்களோ செத்தவங்க தூங்குறாங்க, கெட்டவங்க கடைசியில எரிஞ்சி இல்லாமலே போயிடுவாங்க, முடிவில்லாத வேதனைனு ஒன்னு கிடையாதுன்னு சொல்றாங்க (எங்க மருமக வீட்டுல அவங்கதான், சாப்பாட்டு மேசையிலயே சண்ட வரும்). இதெல்லாம் பைபிள் ஸ்டடியில பேசிக்கலாம், அந்தம்மா முன்னாடி வேணாமே.

ஒரு வாசகி,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு