மேதைகளைக் காட்டி எங்கள் பிள்ளைகளை அறிமுகப்படுத்தாதீர்கள்

ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா பற்றி விழிப்புணர்வுப் பணி செய்யும் அமைப்புகளுக்கு,

வணக்கம்.

உங்கள் சுவரொட்டிகளிலும் துண்டறிக்கைகளிலும் ஆசிரியர் பயிற்சிகளின் முதல் ஸ்லைடிலும் சில முகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. கலைந்த தலைமுடியோடு ஐன்ஸ்டைன், பக்கத்தில் நியூட்டன், அப்புறம் லியொனார்டோ டா வின்சி, மொசார்ட். அடியில் "இவர்களுக்கும் இருந்தது" என்று ஒரு வரி. ஐன்ஸ்டைன் ஒருவருக்கே ஆட்டிசம், எழுத்து வாசிப்பில் தடுமாறும் டிஸ்லெக்சியா, கவனம் நிலைக்காத ஏடிஎச்டி மூன்றும் இருந்ததாக வெவ்வேறு சுவரொட்டிகள் சொல்கின்றன. அந்த வரியை இனி அச்சிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் மகளுக்கு 14 வயது. ஆட்டிசம் உள்ளவள். அவள் சின்னவளாக இருந்தபோது, ஓசையும் வெளிச்சமும் அவளுக்கு ஏன் வலியாக மாறுகின்றன என்பதை எனக்கு விளங்கவைத்தது உங்களைப் போன்ற ஓர் அமைப்பின் சிறு கையேடுதான். அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

முதலில் உண்மை என்ன என்று பார்ப்போம். குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தது 1943இல். நியூட்டன் இறந்தது 1727இல். இடையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அது மட்டும் தடை என்று நான் சொல்லவில்லை. பெயர் வைப்பதற்கு முன்பும் ஆட்டிசம் உள்ளவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இன்று ஒரு குழந்தையை மதிப்பிடும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பேச்சு எப்போது வந்தது, எப்படி விளையாடியது, மாற்றத்தை எப்படித் தாங்குகிறது என்று பெற்றோரிடம் மணிக்கணக்கில் கேட்கிறார்கள். குழந்தையை நேரில் கவனிக்கிறார்கள். அன்றாட வாழ்க்கை எவ்வளவு சிரமப்படுகிறது என்று பார்க்கிறார்கள். இவை எதுவும் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. இறந்துபோன மேதைக்கு மட்டும் நாலைந்து சுவையான கதைகள் போதும் என்றால் அது என்ன நியாயம்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1964 அதிபர் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி, அவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்காத மனநல மருத்துவர்கள் பலர் ஒரு பத்திரிகைக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் விளைவாக, நேரில் பரிசோதிக்காத பொது மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் விதி வகுத்தது. மறுத்துப் பேச உயிரோடு இல்லாதவர் விஷயத்தில் நமக்கு இன்னும் கூடுதல் நிதானம் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐன்ஸ்டைனையே எடுத்துக்கொள்வோம். பேச்சு தாமதமாக வந்தது, ஏழு வயதுவரை தான் சொன்ன வாக்கியத்தையே மெல்ல முணுமுணுத்துக்கொள்வார் என்பதெல்லாம் குடும்பத்தார் சொல்லிய செய்திகள். சரி. கணக்கில் தோற்றார் என்பது பொய். 1935இல் அந்தக் கதை ஒரு பத்திரிகைப் பத்தியில் வந்ததை அவரிடம் காட்டியபோது, 15 வயதுக்கு முன்பே நுண்கணிதத்தைக் கரைத்துக் குடித்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1895இல் சூரிச் பல்தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றது உண்மைதான். ஆனால் அது கணக்கிலும் இயற்பியலிலும் அல்ல, மற்றப் பாடங்களில். வழக்கமான வயதுக்கு முன்பே எழுதிய தேர்வும்கூட. அதே மனிதர் பெர்னில் நண்பர்களைக் கூட்டி 'ஒலிம்பியா அகாடமி' என்று பெயர் வைத்து இரவெல்லாம் விவாதித்தவர், காதல் கடிதங்கள் எழுதியவர், வாழ்நாள் முழுவதும் அரசியல் பேசியவர். இதனால் அவருக்கு ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் நட்பும் காதலும் உண்டு. ஆனால் சுவரொட்டிக்காரர்கள் பொருந்துவதை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றதைக் கீழே போட்டுவிடுகிறார்கள்.

2003இல் ஆட்டிசம் ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹனும் கணிதவியலாளர் யோவான் ஜேம்ஸும் நியூட்டன், ஐன்ஸ்டைன் இருவரிடமும் ஆஸ்பெர்ஜர் கூறுகள் (ஆட்டிசத்தின் ஒரு வகையாக அப்போது சொல்லப்பட்டது) தெரிவதாகச் சொன்னபோது, அதை ஒரு சாத்தியமாகத்தான் முன்வைத்தார்கள். உடனே மறுப்பும் வந்தது. அந்த 'இருக்கலாம்' உங்கள் அச்சகத்துக்கு வந்து சேர்வதற்குள் 'இருந்தது' ஆகிவிட்டது.

நியூட்டனின் தனிமைக்கு வேறு காரணங்களும் உண்டு. பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்தார். மூன்று வயதில் தாய் மறுமணம் செய்துகொண்டு, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போனார். பத்தொன்பது வயதில் தன் பாவங்களைப் பட்டியலிட்டபோது, தாயையும் மாற்றாந்தந்தையையும் வீட்டோடு எரித்துவிடுவதாக மிரட்டியதையும் எழுதிவைத்தார். அப்படி ஒரு காயம் பட்ட பிள்ளை பெரியவனாகி யாரையும் நம்பாமல் இருப்பதற்கு நரம்பியல் காரணம் ஒன்றுதான் விளக்கமா? மொசார்ட்டின் ஆபாசக் கடிதங்களை வைத்து அவருக்கு டூரெட் நோய்க்குறி (அடக்க முடியாத அசைவுகளும் ஒலிகளும் வரும் நிலை) என்றார்கள். அவர் தாயின் கடிதங்களிலும் அதே மாதிரி வேடிக்கை இருக்கிறது. லியொனார்டோ எழுத்துகளைத் திருப்பி எழுதியதை வைத்து டிஸ்லெக்சியா என்றார்கள். அவர் இடக்கைக்காரர், வலமிருந்து இடமாக எழுதினால் மை கலையாது. இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

நேரம் செலவிட வேண்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார். ஹென்றி கேவண்டிஷ், 1731இல் பிறந்து 1810இல் இறந்தவர். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக இனம்காட்டியவர், பூமியின் அடர்த்தியை அளந்தவர். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 2001இல் இவரைப் பற்றி எழுதியபோதும் தலைப்பில் ஒரு கேள்விக்குறியை விட்டுவைத்தார். ஆனால் இவர் விஷயத்தில் சான்றுகள் வலுவானவை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஜார்ஜ் வில்சன் 1851இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், அவரைப் பழகி அறிந்தவர்களின் வாய்மொழிகள் நிறைய இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவார். ஒரு பணிப்பெண்ணைப் படிக்கட்டில் எதிர்கொள்ள நேர்ந்ததும், பின்பக்கம் தனியாக ஒரு படிக்கட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி நண்பர்களின் விருந்துக்கு மட்டும் தவறாமல் போவார். அங்கே புதிதாக வருபவர்களுக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்களாம்: அவர் முகத்தைப் பார்க்காதே, அவரிடம் நேராகப் பேசாதே, அவர் அருகே நின்று வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவதுபோல உன் கேள்வியைச் சொல், விஷயம் பிடித்திருந்தால் பதில் வரும்.

இதைப் படித்தபோது எனக்கு மேதைமை கண்ணில் படவில்லை. அந்தப் படிக்கட்டும் அந்த நண்பர்களும்தான் பட்டார்கள். கேவண்டிஷின் தந்தைவழிப் பாட்டனார் டெவன்ஷயர் கோமகன், தாய்வழிப் பாட்டனார் கென்ட் கோமகன். கற்றவர்களில் மிகப் பெரிய பணக்காரர், பணக்காரர்களில் மிகப் பெரிய கல்விமான் என்று பிரெஞ்சு அறிஞர் பியோ அவரைச் சொன்னார். தன் வீட்டைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள அவரால் முடிந்தது. பேச்சுக்குப் பதில் சீட்டு எழுதினால் யாரும் அதட்டவில்லை. அவரோடு எப்படிப் பழக வேண்டும் என்று சுற்றியிருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1798இல் வெளியிட்ட அந்தப் பெரும் அளவீட்டில், தன் உடல் வெப்பம்கூட உள்ளிருக்கும் காற்றைக் கலைக்கக் கூடாது என்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல 5.48 மடங்கு என்று கண்டார். இன்றைய மதிப்பு 5.51. அவ்வளவு பொறுமையான வேலைக்கு ஓர் அமைதியான இடமும், தொந்தரவு இல்லாத வாழ்க்கையும் அவருக்குக் கிடைத்திருந்தன.

ராமானுஜனையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அவர் மூளை எப்படிப்பட்டது என்ற கேள்வியை விட்டுவிடுவோம். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல், மற்றப் பாடங்களில் தோற்று, கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஓர் ஆசிரியர் பயிற்சியில் பேசுவதற்கு இதைவிடப் பயனுள்ள செய்தி என்ன இருக்கிறது? ஒரே திசையில் ஓடும் மனம் கொண்ட மாணவரைக் கல்விக்கூடம் என்ன செய்தது என்று கேளுங்கள். அதற்கு நோய்ப்பெயர் எதுவும் தேவையில்லை.

உங்கள் வரியின் தீங்கு எங்களை வந்தடையும் விதத்தைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஆட்டிசம் என்று சொன்னதும், பத்தில் ஒன்பது பேர் முதலில் கேட்பது "அவளுக்கு என்ன விசேஷத் திறமை?" என்றுதான். அவள் இசைக்கருவி வாசிப்பதில்லை. கணக்கில் சுமார். தேதியைச் சொன்னால் கிழமை சொல்லமாட்டாள். கதவுகள் மெல்லச் சாத்திக்கொள்ளும் ஓசை அவளுக்குப் பிடிக்கும், அதற்காக ஒரே கதவைப் பலமுறை திறந்து மூடுவாள். டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத் தன் தேவையைச் சொல்கிறாள். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். எங்கள் பிள்ளையை ஏற்றுக்கொள்ள ஒரு நுழைவுக் கட்டணம் இருப்பதாக அப்போது தோன்றும். அந்தக் கட்டணத்தை நிர்ணயித்ததில் உங்கள் சுவரொட்டிக்கும் பங்கு இருக்கிறது.

திறமையைக் கொண்டு மதிப்பை அளப்பது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. மேலே சொன்ன ஆஸ்பெர்ஜர் என்ற பெயருக்கு உரியவரான குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944இல் வியன்னாவில் தான் பார்த்த சிறுவர்களின் தனித்திறமைகளை வலியுறுத்தி எழுதினார். அது நாஜி ஆட்சிக் காலம். மருத்துவ வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018இல் வெளியிட்ட ஆவணங்களின்படி, அதே ஆஸ்பெர்ஜர் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளை ஆம் ஸ்பீகல்குருண்ட் என்ற நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்திருக்கிறார். ஏறத்தாழ 800 குழந்தைகள் உயிரிழந்த இடம் அது. நீங்கள் அப்படி நினைப்பவர்கள் என்று நான் கனவிலும் சொல்லமாட்டேன். ஆனால் 'பயன்படும் குழந்தை', 'பயன்படாத குழந்தை' என்ற கோடு அங்கே போடப்பட்டது. அந்தக் கோட்டின் நிழல்கூட உங்கள் தாளில் விழக் கூடாது.

வரலாற்றில்தான் தேட வேண்டும் என்றால், ஸ்காட்லாந்தின் போர்க் என்ற ஊரைச் சேர்ந்த ஹியூ பிளேர் இருக்கிறார். 1747இல் அவருடைய திருமணத்தைச் செல்லாததாக்கச் சொல்லி அவர் தம்பி நீதிமன்றம் போனார். அண்டை அயலார், ஊழியர்கள் என்று பலர் வந்து சாட்சி சொன்னார்கள். பறவை இறகுகளைச் சேர்த்துவைப்பார், யார் இறந்தாலும் அடக்கத்துக்குப் போய் நிற்பார் என்றெல்லாம். இந்தச் சாட்சியங்களை ரேப் ஹூஸ்டன் என்ற வரலாற்றாசிரியரும் ஊட்டா ஃபிரித் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஆராய்ந்து, ஆட்டிசம் இருந்திருக்கும் என்று 2000இல் எழுதினார்கள். ஐன்ஸ்டைன் பற்றிய துணுக்குகளைவிட இந்தச் சான்று பல மடங்கு திடமானது. ஹியூ பிளேர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீதிமன்றம் அவர் திருமணத்தை ரத்து செய்தது. அவரைப் பற்றி ஒரு சுவரொட்டி போடுங்கள். மனைவியோடு வாழும் உரிமை ஒருவரிடமிருந்து எப்படிப் பறிக்கப்பட்டது என்று பேசுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்காக நாங்கள் இன்றும் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

இன்னொன்று. உங்கள் பட்டியல்களில் பெண்கள் அநேகமாக இல்லை. பெண் குழந்தைகள் தங்கள் கூறுகளை மறைத்துப் பழகிக்கொள்வதால் பலருக்கு ஆட்டிசம் தெரியவரவே ஆண்டுகள் ஆகின்றன என்று நீங்களே கையேடுகளில் எழுதுகிறீர்கள். அந்தக் கையேட்டின் அட்டையில் நாலு ஆண்கள்.

தானாக முன்வந்து பேசியவர்கள் இருக்கும்போது இறந்தவர்களை ஏன் இழுக்க வேண்டும்? 2017இல் வேதியியல் நோபல் பெற்ற ஜாக் டுபோஷே, 1955இல் தன் சுவிஸ் மாநிலத்தின் முதல் அதிகாரபூர்வ டிஸ்லெக்சியாக்காரர் தான் என்பதைத் தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். 2009இல் மருத்துவ நோபல் பெற்ற கேரல் கிரைடர் தன் டிஸ்லெக்சியா பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் தன் ஆட்டிசம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருகிறார். இவர்களும் அபூர்வமானவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது அவர்கள் வாயால் வந்த சொல்.

நான் கேட்பது இதுதான். மேதைகளைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால், கேள்வியாக எழுதுங்கள், மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிகளில் பேசப் போகும்போது கேவண்டிஷின் படிக்கட்டைப் பற்றிச் சொல்லி, அந்தப் பள்ளியில் அதற்கு ஈடாக என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள்: ஓசை குறைந்த ஓர் அறை, வாய்மொழிக்குப் பதில் எழுத்து, தேர்வில் கூடுதல் நேரம். அடுத்த சுவரொட்டியின் வாசகத்தை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலரிடம் முதலில் காட்டுங்கள், அந்த வேலைக்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் பெற்றோர் யாராவது படித்துப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள்; அன்றே படித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்