தம்பிக்கு, ஹெட்டர் விஷயமாக

கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பிக்கு,

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய், அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக வந்தால் பாதியிலேயே விட்டுவிடும் பழக்கம் உனக்கு உண்டு, இதை மட்டும் முழுதாகப் படி. உன் காரில் கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிபோல்டைக் கழற்றிவிட்டு ஹெட்டர், அதாவது இன்ஜின் புகையை வெளியே எடுக்கும் பைப் செட், மாட்டியதைக் காட்டி சித்தப்பா பையனுக்கு நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

பைப் வேலை நன்றாக இருக்கிறது. நாலு பைப் இரண்டாகி அப்புறம் ஒன்றாகிற 4-2-1, வளைவுகள் சுத்தமாக இருக்கின்றன, வெல்டிங் சீராக ஓடியிருக்கிறது. நீயே கழற்றி நீயே மாட்டினாயாமே. இத்தனை வருஷம் சூடு குடித்த மேனிபோல்டு ஸ்டட்டை ஒன்றுகூட முறிக்காமல் எடுப்பது சின்ன வேலை இல்லை, பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். ஆனால் நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணிய சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

முதலில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறதே, அதை நீ வால்வுப் பக்கத்து டாப்பெட் சத்தம் என்று நினைத்திருப்பாய். டாப்பெட் இல்லை தம்பி. இன்ஜின் சூடாக ஆக அது குறைகிறது, திரும்பக் கேட்டுப் பார். பைப் இன்ஜின் ஹெட்டோடு சேர்கிற தட்டையான ஃபிளாஞ்சில் கேஸ்கெட் கசிகிறது. குளிர்ந்திருக்கும்போது இடைவெளி இருக்கும், சூடானதும் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கிறதே, அதைக் கேட்டு சித்தப்பா பையன் சூப்பர் என்கிறான், எனக்கு அதிலும் அந்தக் கசிவின் மேல்தான் சந்தேகம். ஹெட்டர் மாட்டிய பிறகு நாலைந்து தடவை இன்ஜின் சூடாகி ஆறியதும், நன்றாகக் குளிர்ந்த நிலையில், நடு நட்டில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போய் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். பட்டறையில் என் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே நீ, இது எப்படி விட்டுப்போனது?

அடுத்தது ட்யூனிங், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியுவில் பெட்ரோல் கணக்கைத் திருத்துவது. ‘ஈசியு தானாகக் கற்றுக்கொள்ளும், ட்யூன் தேவையில்லை’ என்று கடைக்காரர் சொன்னதாக வீடியோவில் சொல்கிறாய். அது பாதிதான் உண்மை. மெதுவாக ஒரே வேகத்தில் போகும்போதும், ஐடிலிலும், ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அது பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும், சரி. அந்த சென்சாருக்குத் தெரிந்தது ஒரே கணக்கு, எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. அதற்கு மேலா கீழா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. நீ முழுசாக மிதிக்கும்போது ஈசியு அந்த சென்சாரைக் கேட்பதே இல்லை, உள்ளே எழுதி வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் பெட்ரோல் ஊற்றும். உன் ஹோண்டா சிட்டி விடெக்கில் உள்ளே போகும் காற்றை நேராக அளக்கிற மீட்டரும் கிடையாது. இன்டேக் மேனிபோல்டு அழுத்தம், ஆர்பிஎம், காற்றின் சூடு, இதையெல்லாம் வைத்து இவ்வளவு காற்று போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கு கம்பெனி மேனிபோல்டுக்கு எழுதியது. ஹெட்டர் புகையை வேகமாக இழுத்து வெளியே விட்டால் சில ஆர்பிஎம்மில் காற்று கூடுதலாக உள்ளே போகும், பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கும். அதாவது இன்ஜின் அதிகமாகச் சூடாகிற நேரத்தில் பார்த்து மிக்ஸ்சர் லீனாகும், காற்றுக்குத் தேவையான பெட்ரோல் இருக்காது.

உடனே இன்ஜின் போய்விடும் என்று பயமுறுத்தவில்லை. முழு மிதியில் கம்பெனிக்காரன் பெட்ரோலைக் கூட்டி ரிச்சாகத்தான் வைத்திருப்பான், கொஞ்சம் தாங்கும். எவ்வளவு தாங்குகிறது என்பது அளக்காமல் தெரியாது. லீனாகி, பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிற நாக்கிங் ஆரம்பித்தால், இந்தச் சைலன்சர் சத்தத்தில் அது உன் காதில் விழவே விழாது. பட்டறை அலமாரியில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு வைத்திருக்கிறேனே, நினைவிருக்கிறதா, எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு ஓரம் போனது? லீனாக ஓடிய வண்டியில் எடுத்ததுதான் அது. நீ எட்டாவது படிக்கும்போது அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன ஓட்டைக்கா கம்ப்ரஷன் போகும் என்று கேட்டாய். பெரியவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அதனால் வண்டியை நிறுத்தியபடியே ஓட்டிப் பவரை அளக்கிற டைனோ உள்ள இடத்தில், எவ்வளவு காற்று என்றும் சொல்கிற வைட்பேண்ட் சென்சார் மாட்டி, முழு மிதியில் என்ன காட்டுகிறது என்று பார். 1 பங்கு பெட்ரோலுக்குக் காற்று 13 பக்கம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே போனால் ஈசியுவோடு சேர்த்து மாட்டுகிற பிக்கிபேக் பெட்டி வைத்துத் திருத்தச் சொல். பணம் நான் தருகிறேன், கணக்குப் பார்க்காதே. அதுவரை மிதிக்காதே. ஆக்சிஜன் சென்சார் வயர் எட்டாமல் நீட்டியிருந்தால் சால்டர் வைத்திருக்கிறாயா என்று பார், நெரித்து இணைக்கிற கிரிம்ப்தான் செய்ய வேண்டும், நிறைய சென்சார்கள் வெளிக்காற்றை அந்த வயர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. ரேடியேட்டர் ஃபேன் வயர் பைப்பை ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொள். பைப்பில் சூடு தடுக்கிற துணி சுற்றாதே, ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளேயே துருப்பிடிக்கும், அங்கேயும் உப்புக் காற்றுதான். கம்பெனி அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. அதெல்லாம் கட்டிவிடலாம், எனக்கு அது பெரிதில்லை.

எனக்குப் பெரிதாக இருப்பது வேறு. ஃபாஸ்டாக் இன்னும் என் நம்பரில்தான் இருக்கிறது தம்பி. மாற்ற மறந்துவிட்டாய் போல. பரனூர், ஆத்தூர், அப்புறம் மொரட்டாண்டி டோல்கேட் என்று நடுராத்திரியில் வரிசையாக மெசேஜ் வருகிறது, விடியும் நேரத்தில் அதே மொரட்டாண்டியில் திரும்பிப் போகிற மெசேஜ் வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நடுவில் எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நெல்லிக்குப்பம் விஷயத்தை இந்த வீட்டில் யாரும் உன்னிடம் எடுக்கப் போவதில்லை, அதை மட்டும் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் எங்கேயோ கடற்கரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே படுக்கிறாய் என்று நினைக்கிறேன். மிதிப்பதைவிட அது மோசம். ஃபிளாஞ்சில் கசிகிற புகை பானட்டுக்கு அடியிலேயே நிற்கும், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகிறதுக்கு முன்னாலேயே வெளியே வந்த புகை, கார்பன் மோனாக்சைடு அப்படியே இருக்கும். நிறுத்திய வண்டியில் ஏசி இழுக்கிற காற்றோடு அது உள்ளே வந்துவிடும். வாசனை இல்லை, நிறம் இல்லை, தூக்கம்தான் வரும், தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. இன்ஜினை ஓட விட்டுத் தூங்காதே. ஐந்து நிமிஷம் கண்ணை மூடுவது என்றாலும் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் படு. கொசு கடித்தால் கடிக்கட்டும். இதை இரண்டு தடவை எழுதியதாக நினைத்துக்கொள்.

அக்கா தீபாவளிக்கு வருகிறாள். சின்னவள் உன் காரில்தான் சில்வர் பீச் போவேன் என்று இப்போதே அடம்பிடிக்கிறாளாம். அந்தக் கசிவோடு குழந்தையை அதில் ஏற்ற விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

இனி மொரட்டாண்டி தாண்டினால் எந்த நேரமானாலும் நேராக வீட்டுக்கு வா. அம்மா எழுந்துகொள்ள மாட்டாள், நான் கேட்டைத் திறக்கிறேன், ஒன்றும் கேட்கமாட்டேன், நீ போய்ப் படு. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும், நாம் இரண்டு பேரும் கழற்றிப் பார்ப்போம். ஃபிளாஞ்ச் வளைந்திருந்தால் மட்டமாக்கிக்கொள்ளலாம். ஹெட்டரை நான் எடுக்கச் சொல்லவில்லை, அது உன் இஷ்டம், கசியக்கூடாது, அவ்வளவுதான். ஃபாஸ்டாக் நம்பரை மாற்ற வேண்டாம், ரீசார்ஜ் நானே போட்டுக்கொள்கிறேன்.

கேஸ்கெட் இங்கே வாங்கி வைக்கிறேன். கழற்றிய பழைய மேனிபோல்டை எடைக்குப் போட்டுவிடாதே, வரும்போது டிக்கியில் போட்டு எடுத்து வா.

அப்பா