கோயில்குட்டியார் வீடு: மழைக்கு முன் கான்கிரீட் போட உதவி கேட்கிறோம்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், வெளியூர்களில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கட்டிடக் கமிட்டியாரின் ஸ்தோத்திரங்கள்.

ஆலயத்தில் மணி அடித்துப் பராமரிப்பு வேலை பார்க்கிற நம் கோயில்குட்டியாருக்குக் கட்டும் வீடு, கதவு ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. கையில் பணம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் மேல்தளக் கான்கிரீட் போட்டாக வேண்டும். செப்டம்பர் 30-க்குள் தொகை சேராவிட்டால் சென்ட்ரிங் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் தை பிறந்துதான் பார்க்க வேண்டும்.

நம் செம்மணல் தேரிக்காட்டுச் சபைகளின் சரித்திரம் லேசானதல்ல. 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானது. இடையன்குடி ஆலயத்தை மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கி, 1880-ல்தான் பிரதிஷ்டை பண்ண முடிந்தது. முப்பத்துமூன்று வருஷ வேலை! மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி என்று நம் பெரியவர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். ஐயர்மார் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். கல் சுமந்தவன் பெயர், சுண்ணாம்பு அரைத்தவள் பெயர் யாருக்குத் தெரியும்? நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்தார்களே, அந்தப் பிடி அரிசிக் காணிக்கையில் எத்தனை ஊழியம் நடந்தது! எந்த வீட்டுக் கலயம் எத்தனை தரம் நிறைந்தது என்று ஒரு ரிஜிஸ்டரிலும் இல்லை.

நம் கோயில்குட்டியாரும் அந்த வரிசைதான். விடியுமுன் மணி அடிக்கிறவர் அவர். ராப்போஜன ஆராதனைப் பாத்திரங்களைத் துலக்கி, துணி மடித்து, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுகிறவர் அவர். துக்க வீட்டிலிருந்து நடுச்சாமத்தில் ஆள் வந்தாலும் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். 2023 டிசம்பர் 17, 18 பெருமழை நினைவிருக்கும்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அன்று ராத்திரி அவர் ஞானஸ்நான, கலியாண ரிஜிஸ்டர்களையெல்லாம் தலையில் வைத்துச் சுமந்து பீடத்தின்மேல் அடுக்கினார். அவர் வீட்டுப் பாயும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் தண்ணீரில் மிதந்தன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்தபின் நாங்கள் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நாம் அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இங்கே எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதே மேல் என்று 84-ஆம் சங்கீதத்தில் பாடுகிறவர்கள் கோராகின் புத்திரர். வாசல் காப்பது அவர்கள் உத்தியோகம் என்று 1 நாளாகமம் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் பாட்டை நாம் ராகம் போட்டுப் பாடுகிறோம். நம் வாசல் காக்கிறவர் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே படுக்கிறார்.

கணக்கு இதுதான். 420 சதுர அடி, சதுர அடிக்கு ரூ.2,200 வீதம் ரூ.9,24,000. செப்டிக் டேங்க், வயரிங் ரூ.56,000. மொத்தம் ரூ.9,80,000. வந்தது ரூ.5,62,000, அவ்வளவும் செலவாகிவிட்டது. இன்னும் வேண்டியது ரூ.4,18,000. அதில் கான்கிரீட்டுக்கு மட்டும் உடனே ரூ.2,75,000.

இதுவரை கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். பஹ்ரைனிலிருந்தும் மும்பையிலிருந்தும் முதல் மாதமே அனுப்பிய பிள்ளைகள், கம்பி முழுவதையும் தாம் ஏற்றுக்கொண்ட குடும்பம், ஒரு லோடு மணலுக்கு வாடகை வாங்காத லாரிக்காரர், பீடிக் கூலியில் வாரம் ஐம்பது ரூபாய் மடித்துக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், கருக்கல் நேரத்தில் வந்து சுவருக்குத் தண்ணீர் விட்டுப் போகும் வாலிபர்கள், உங்கள் எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

சபையார் கூடி விருந்துண்ட அசனப் பண்டிகையில் மைக்கில் வாக்குக் கொடுத்த தொகையில் பாதிக்குமேல் இன்னும் வரவில்லை என்பதையும் வருத்தத்தோடு எழுதுகிறோம். அன்றைக்குக் கை தட்டியாகிவிட்டது. தேவனுக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை பண்ணி நிறைவேற்றாமல் இருப்பதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொடுத்தவர்களுக்குப் பெயர்க்கல் கிடையாது. ஃபேன் இறக்கையிலும் பெஞ்சு முதுகிலும் உபயம் எழுதிப் பழகிய சபைக்கு இது கஷ்டந்தான். கமிட்டியிலேயே இரண்டு பேர் சம்மதிக்கவில்லை, கல் இல்லாவிட்டால் காசு வராது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யாகட்டும்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். பெயர் சொல்ல விரும்பாதவர்கள் கவரின்மேல் ‘வீடு’ என்று மட்டும் எழுதிக் காணிக்கைப் பெட்டியில் போடுங்கள். பணமாக முடியாதவர்கள் சிமெண்டாகவோ ஒரு நாள் சித்தாள் வேலையாகவோ கொடுக்கலாம். அதையும் வரவில் எழுதுவோம்.

இப்படிக்கு,
கட்டிடக் கமிட்டியார்