நன்றி ஆராதனையை முன்னிட்டு

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரங்கள்.

பெரும்போக அறுவடை முடிந்து, புது நெல்லை ஆலயத்துக்குக் கொண்டுவரும் நன்றி ஆராதனை வரும் ஞாயிறு காலை நடைபெறும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வருவோர் நெல்லையும், வாவியில் மீன்பிடித் தொழில் செய்வோர் தம்மால் இயன்றதையும் கொண்டுவரலாம். வெள்ளத்தில் வயல் அழிந்தவர்கள் வெறுங்கையோடு வரக் கூச வேண்டாம். அவர்களுடைய வருகையே காணிக்கை.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் சுகமடைந்த பத்துக் குஷ்டரோகிகளில், திரும்பி வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்தவன் சமாரியன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரும், ஆசாரியரிடம் போங்கள் என்ற கட்டளைப்படியே போனார்கள். கீழ்ப்படிந்தும் நன்றி மறக்க முடியும் என்பதுதான், தவறாமல் ஆலயம் செல்லும் நம்மைப் பற்றி எனக்குள்ள கவலை.

2004 ஆழிப்பேரலையிலும், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பிலும் பிள்ளைகளை இழந்த பெற்றோர் நம் மாவட்டத்தில் வாழ்கிறார்கள். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைக் காட்டி, அவர்களுடைய அழுகையை எவரும் அடக்கக்கூடாது. இழப்பின் நடுவிலும் தேவனைப் பற்றிக்கொள்ளும்படியே அவர் எழுதினார். பிலிப்பியில் அடிபட்டு, சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த நடுராத்திரியில் சீலாவோடு சேர்ந்து பாடியவர் அவர்.

சாட்சி சொல்ல விரும்புவோர் சனி மாலைக்குள் இக்குழுவில் அறியத்தரவும். காணிக்கை நெல் இம்முறை ஏலம் விடப்படாமல், வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பகிரப்படும்.