ஒவ்வொரு ஏரிக்கும் தனித்தனியா காசு போட்டா கெலவரப்பள்ளில நுரை நிக்காது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஓசூர் பக்கத்துல கெலவரப்பள்ளி அணையில மறுபடியும் நுரைன்னு போட்டோவோட வந்த செய்திய இங்க பெங்களூர் அல்சூர்ல உக்காந்து படிச்சேன். கர்நாடகாவுல இருந்து வர்ற கழிவுநீர்தான் காரணம்னு ஒரே வரியில முடிச்சிருக்கீங்க. தப்பில்ல, ஆனா அந்த ஒரு வரிக்குள்ள எத்தன ஆபீஸ் ஒளிஞ்சிருக்குன்னு உங்க வாசகர்களுக்கும் தெரியணும்ல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டறதா இருந்தா முன்னாடி வெட்டுங்க, கடைசி பாராவ மட்டும் தொடாதீங்க.

எங்க அல்சூர் ஏரி நிரம்பி வழிஞ்சா ராஜகாலுவேங்கற பெரிய மழைநீர் கால்வாய் வழியா பெல்லந்தூர் ஏரிக்கு போகும், அங்கிருந்து வர்த்தூர், அப்புறம் தட்சிண பினாகினி, அதே ஆறு ஓசூர் பக்கம் வந்ததும் நம்ம தென்பெண்ணை, கெலவரப்பள்ளி, கேஆர்பி டேம் (கிருஷ்ணகிரி அணை), சாத்தனூர், கடைசியா கடலூர்ல கடல். ஊருக்கு நடுவுல ஒரு மேடு இருக்கு, அதுக்கு கிழக்கால விழற தண்ணி இந்தப் பக்கம், மேற்கால விழறது விருஷபாவதி, அர்க்காவதின்னு போய் காவிரில சேருது. ஆக பெங்களூர்ல யார் எந்த பாத்ரூம்ல சோப்பு போட்டு குளிச்சாலும் அந்த தண்ணி போற வாட்டம் தமிழ்நாட்டுப் பக்கம்தான், இதுல நான் உட்பட இங்க இருக்கற அத்தன தமிழனும் அடக்கம்!

சரி, இந்த பாதைக்கு யாரு பொறுப்பு? பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி ரெண்டும் பிடிஏ, அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம் கையில, சாக்கடை பைப்பும் எஸ்டிபியும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) குடிநீர் வாரியம், ராஜகாலுவேயும் மத்த ஏரிங்களும் கார்ப்பரேஷன், ஃபேக்டரி கழிவு மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஆக்கிரமிப்பு சர்வே வருவாய்த்துறை. அல்சூர், பெல்லந்தூர் எல்லாம் இருக்கற கோரமங்களா சல்லகட்டா பள்ளத்தாக்குல சுத்திகரிச்ச தண்ணிய 2018ல இருந்து கோலார் ஏரிங்களுக்கு பம்ப் பண்றது சிறு பாசனத்துறை. போதாக்குறைக்கு 2025ல பிபிஎம்பிங்கற ஒரே கார்ப்பரேஷன கலைச்சு அஞ்சு கார்ப்பரேஷன் ஆக்கிட்டாங்க. கால்வாய்க்கு எங்கங்க தெரியும் கார்ப்பரேஷன் பார்டர், அது பாட்டுக்கு பள்ளம் பார்த்து ஓடுது.

காசு இல்லன்னு மட்டும் யாரும் சொல்ல வேணாம். பெல்லந்தூர் 2015ல, 2017ல, திரும்ப 2018 ஜனவரில தீப்பிடிச்சு எரிஞ்சப்புறம், அந்த வருஷம் டிசம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, பிபிஎம்பிக்கு 25 கோடி அபராதம் போட்டு, வேலைக்குன்னு 500 கோடிய தனிக் கணக்குல எடுத்து வைக்கவும் சொல்லிச்சு. கம்பெனிங்க கிட்டயும் இருக்கு, கம்பெனி சட்டப்படி பெரிய கம்பெனிங்களோட மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆர்க்கு, அதாவது சமூகப் பொறுப்பு வேலைக்கு போயாகணும், ஐடி கம்பெனி இத்தன இருக்கற ஊர்ல அது சின்ன தொகையா?

ஆனா அந்த காசு எப்படி வருதுன்னு பாருங்க. சிஎஸ்ஆர் விதில தொடர் திட்டம்னா ஆரம்பிச்ச வருஷம் போக மூணு வருஷம்தான் கணக்கு. அதனால தூர் வாரறதுக்கு காசு கிடைக்கும், வாக்கிங் பாத், பெஞ்ச், லோகோ போட்ட போர்டு எல்லாத்துக்கும் கிடைக்கும், அப்புறம் பத்து வருஷம் ஆளு வச்சு பார்த்துக்க யாரும் தரமாட்டாங்க. எங்க பக்கத்துல ஒரு சின்ன ஏரில தண்ணி உள்ள வர்ற வாய்ல இரும்பு கம்பி போட்டு தடுப்பு வச்சாங்க, நல்ல வேலைதான், ஆனா ஒரு மழைக்கே தெர்மகோல், பால் கவர், தேங்கா மட்டை, ஒருதடவ முழு தலகாணி, எல்லாம் வந்து அடைச்சிக்கும், கொக்கி வச்சு இழுத்துப் போட ரெண்டு ஆளு வேணும். காண்ட்ராக்ட் முடிஞ்சதும் அந்த ரெண்டு பேரும் வரல, கம்பி அடைச்சு தண்ணி ரோட்டுக்கு ஏற, யாரோ ராத்திரில கம்பிய அறுத்துட்டாங்க. போர்டு மட்டும் பளபளன்னு நிக்குது.

நல்லா நடந்ததும் உண்டு. கைகொண்ட்ரஹள்ளி, புட்டேனஹள்ளி ஏரிங்கள அந்தந்த ஏரியா ஜனங்களே கார்ப்பரேஷனோட சேர்ந்து பார்த்துக்கிட்டாங்க. 2020 மார்ச்ல ஹைகோர்ட் தனியார் கம்பெனிங்களோட ஏரி ஒப்பந்தம் போடக்கூடாதுன்னு தடுத்துச்சு. அந்த பயம் நியாயம்தான், பொது ஏரிய கம்பெனிக்கு தாரை வார்க்க முடியாது, ஆனா அந்த இழுப்புல ஜனங்களோட குழுக்களும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. காசு யாரு வேணா குடுக்கட்டும், சாவி அரசு கிட்டயும் ஊர்க்காரங்க கிட்டயும் இருக்கணும்ங்கறது என் அபிப்பிராயம்.

வெளிநாட்டுல இதுக்கு வழி பண்ணியிருக்காங்க. ஈக்வடார்ல கீட்டோ நகரத்துல 2000ல ஒரு தண்ணி நிதி ஆரம்பிச்சாங்க, குடிநீர் கம்பெனி தன் வருமானத்துல 2 சதவீதம் போடுது, கரண்ட் கம்பெனி, பீர் கம்பெனி எல்லாம் சேர்ந்திருக்கு, அசல தொடாம அதுல வர்ற வருமானத்துல மலைப்பக்கம் நீர்ப்பிடிப்ப பாதுகாக்கறாங்க. நியூயார்க் 1997ல மேல இருக்கற கிராமங்களோட ஒப்பந்தம் போட்டு அங்க செலவு பண்ணுது, பிரம்மாண்டமா ஃபில்டர் பிளான்ட் கட்டற செலவு தப்பிச்சுது. அங்க மேல கிராமம், கீழ நகரம். நமக்கு தலைகீழ், நகரம் மேல உக்காந்திருக்கு, விவசாயி கீழ. அதனால இங்க இன்னும் கஷ்டம், மேல இருக்கறவனுக்கு வலிக்காதுல்ல.

நான் கேக்கறது இதான். ஏரிக்கு ஒரு ஃபண்ட்னு இல்லாம அல்சூர்ல இருந்து கெலவரப்பள்ளி வரைக்கும் பள்ளத்தாக்கு முழுசுக்கும் ஒரே கணக்கு, அதுல குடிநீர் வாரியம் சாக்கடைக்குன்னு எங்க பில்லுல வாங்கற காசுல ஒரு பங்கு, கம்பெனிங்க காசு, ரெண்டு மாநில காசு எல்லாம் விழணும், பாதிக்கு மேல மெயின்டனன்ஸுக்குன்னு எழுதி வைக்கணும், கமிட்டில ஓசூர் விவசாயி ஒருத்தர் கையெழுத்து இல்லாம பில் பாஸ் ஆகக்கூடாது. வர்த்தூர் வெளிவாய்லயும் கெலவரப்பள்ளி உள்வாய்லயும் மாசாமாசம் தண்ணி டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட ரெண்டு பக்கமும் போடணும். தென்பெண்ணை தகராறு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு, அது பாட்டுக்கு நடக்கட்டும், டெஸ்ட் பண்ண கோர்ட் எதுக்கு?

உங்க கிட்ட ஒரு ரெக்வெஸ்ட். அடுத்த தடவ நுரை வந்தா ஓசூர் ரிப்போர்ட்டர மட்டும் அனுப்பாதீங்க, பெங்களூர் ரிப்போர்ட்டரயும் சேர்த்து விடுங்க. அந்த 500 கோடில தூர் வாரறதுக்கு எவ்வளவு, எஸ்டிபிக்கு எவ்வளவு, கம்பி அடைப்பு எடுக்கற ஆளுக்கு எவ்வளவுன்னு ஆர்டிஐ போட்டு வாங்கி அப்படியே பிரிண்ட் பண்ணுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு