ஸ்பானிஷுக்குப் பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டோம்

ஐயா,

அயல்மொழி படிப்பவர்கள் தினமும் இருபது சொற்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும் என்று தங்கள் கல்வி இணைப்பில் யோசனை சொல்லியிருந்தீர்கள். ஜப்பானிய மொழிக்கு அது சரி. ஸ்பானிஷுக்கு அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியே நமக்குத் தெரிந்த லத்தீன் சொற்கள் பல, லத்தீனிலிருந்து வந்த ஸ்பானிஷிலும் ஒலி மாறி இருக்கின்றன.

நான் காலமெல்லாம் மருந்துக்கடையில் நின்றவன். மகள் மாட்ரிடில் இருப்பதால் இந்த வயதில் ஸ்பானிஷ் படிக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் 'ஃபெரஸ் சல்பேட்' என்று போட்டிருக்கும். இரும்புக்கு லத்தீனில் 'ஃபெர்ரும்'. அதிலிருந்து வந்தது அந்த ஃபெரஸ். லத்தீன் சொல்லின் முதலில் நின்ற 'ஃப' ஒலி ஸ்பானிஷில் பல இடங்களில் தேய்ந்து 'ஹ' ஆகி, பிறகு அதுவும் வாயிலிருந்து போய்விட்டது. எழுத்தில் மட்டும் இருக்கிறது. அதனால் இரும்பு 'இயெர்ரோ'. ஃபியூமிகேஷனில் இருக்கும் புகை 'ஊமோ'.

லத்தீனில் 'க்ட்' வந்த பல இடங்களில் ஸ்பானிஷில் 'ச்ச்' வரும். லாக்டோஸ் தெரிந்தவருக்குப் பால் 'லெச்சே' மறக்காது. மார்புத் தசையைப் பெக்டோரல் என்கிறோம், நெஞ்சு 'பெச்சோ'. பழைய ரோமானிய நாட்காட்டியில் எட்டாவது மாதமாக இருந்த அக்டோபரை நினைத்தால், எட்டு 'ஓச்சோ'. ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிவது பெரும்பாலும் 'சியோன்': ஓபரசியோன், இன்ஃபெக்சியோன். (மாட்ரிட்காரர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'தியோன்' என்பார்கள், அது எனக்கு இன்னும் வரவில்லை.) 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் படித்தவர்களின் நூல்கள் வழியாகவும் ஆங்கிலத்தில் கொட்டிய லத்தீன் சரக்குதான் நமக்கு இப்படிக் கைகொடுக்கிறது.

எல்லாம் இப்படி மடங்கி வராது. 711-இல் நுழைந்த முஸ்லிம்களின் ஆட்சி ஸ்பெயினில் 1492 வரை ஏதோ ஒரு பகுதியில் நீடித்தது. அப்போது ஸ்பானிஷில் கலந்த அரபுச் சொற்களுக்கு ஆங்கிலம் அதிகம் உதவாது. தலையணைக்கு 'அல்மோஆதா', அதை உருப்போடத்தான் வேண்டும். சர்க்கரைக்கு 'அசூகர்'. அது மட்டும் நமக்குச் சுலபம், அரபு வழியே போன நம் ஊர்ச் சர்க்கரைதான் அது.

அப்புறம், முகம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்கள். ஸ்பெயினில் மருந்துக்கடைக்குப் போய், மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு 'கான்ஸ்திபாதோ' என்றால் ஜலதோஷ மாத்திரைதான் கிடைக்கும். அங்கே அதற்குச் சளி பிடித்தவர் என்று அர்த்தம். வயிறு அப்படியே இருக்கும்.

இந்த ஒலிமாற்றங்களை இணைப்பில் ஒரு அரைப்பக்கம் போடுங்கள். ஏமாற்றும் சொற்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி ஒதுக்கினால் நல்லது.

— ஓய்வுபெற்ற மருந்தாளுநர், திருச்சி